கூலியும் இனாமும் – கப்பல் டிப்ஸ் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நான் கும்பகோணத்துக்காரி. இப்போது நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறேன். நீங்கள் சொகுசுக் கப்பலில் எட்டு வருடம் கேபின் ஸ்டூவர்டாக இருந்ததைப் பற்றி எழுதியவற்றைப் படித்திருக்கிறேன். அந்த உரிமையில் கேட்கிறேன்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் பேயோன் துறைமுகத்திலிருந்து பஹாமாஸ் போய்த் திரும்பும் கப்பலில் மகன் இடம் போட்டிருக்கிறான். ஏழு ராத்திரி. நான், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர். பில்லில் கிராச்சுவிட்டி என்று ஆளுக்கு நாளொன்றுக்கு 18 டாலர் போட்டிருக்கிறார்கள், குழந்தைகளுக்கும் சேர்த்து. மொத்தம் 630 டாலர். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனபோது வந்ததைத்தான் நான் கிராச்சுவிட்டி என்று அறிவேன்! மகன் சொல்கிறான், கப்பலில் ஏறியதும் கவுன்ட்டரில் சொல்லி இதை எடுத்துவிட்டு, நமக்கு வேலை செய்கிற பையன்கள் கையில் நாமே ரொக்கமாகக் கொடுக்கலாம் என்று. அது சரியா?

இரண்டாவது, பண்டிகை நேரத்தில் வீட்டை விட்டு வந்து வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு முறுக்கும் அதிரசமும் செய்து கொண்டுபோகலாம் என்று எனக்கு ஆசை. கம்பளி நூலில் குல்லாயும் பின்னுவேன். இதையெல்லாம் வாங்கிக்கொள்வார்களா? கேட்டரிங் படித்த பிள்ளைகளிடம் காசை நீட்டினால் அவமானமாக நினைப்பார்களா? எவ்வளவு கொடுப்பது?

சுந்தரி

*

அன்புள்ள அம்மா,

முதலில் மகனிடம் சொல்லுங்கள்: அந்த 630 டாலரை எடுக்க வேண்டாம். கேபினை அவர் ரத்து செய்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருக்காது.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காசு நேராக உழைத்தவன் கைக்குப் போகட்டும் என்று நினைக்கிறார். ஆனால் கப்பலில் உங்களுக்கு உழைப்பவர்களில் பாதிப் பேரை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். உங்கள் படுக்கை விரிப்பைத் துவைக்கிறவன் நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னலே இல்லாத லாண்டரியில் நிற்கிறான். தட்டு கழுவுகிறவன் சமையற்கட்டுக்குப் பின்னால். ராத்திரி இரண்டு மணிக்கு நடைபாதைக் கம்பளத்தை ஷாம்பூ போட்டுத் தேய்க்கிறவனை யாருக்குத் தெரியும்? நாள்கணக்கில் பிடிக்கிற அந்தத் தொகை கேபின் ஆட்கள், சாப்பாட்டுக்கூட ஆட்கள் தவிர இவர்களில் பலருக்கும் பிரிகிறது. அதை எடுத்துவிட்டு மகன் இரண்டு பேர் கையில் கொடுத்தால் மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அந்த இரண்டு பேருக்கும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. பயணி தானியங்கிப் பிடித்தத்தை எடுத்துவிட்டார் என்றால், அவர் கையில் கொடுத்த ரொக்கத்தைப் பொதுவில் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி சில கப்பல்களில் இருக்கிறது.

நான் 2003ல் சேர்ந்தேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் மாதம் 50 டாலர். தப்பாக அச்சாகிவிட்டது என்று நினைத்து ஏஜென்ட்டிடம் கேட்டேன். மீதியெல்லாம் டிப்ஸ் தம்பி, அள்ளிக்கொண்டு வருவாய் என்றார். அவருக்குக் கொடுப்பதற்காக வாங்கிய கடனை அடைக்க எனக்கு முதல் ஒப்பந்தம் முழுக்கப் போனது.

அப்போது கவர் முறை. ஏழாவது ராத்திரி பயணிகளின் கட்டிலில் நாங்களே காலிக் கவர்களை வைப்போம். கேபின் ஆளுக்கு ஒரு பயணி நாளொன்றுக்கு மூன்றரை டாலர் தருவது வழக்கம் என்று அச்சிட்ட தாளும் கூடவே இருக்கும். நான்கு பேர் தங்கிய கேபின் என்றால் வாரத்துக்கு 98 டாலர். மறுநாள் காலை அவர்கள் இறங்கிய பிறகு கதவைத் திறந்து பார்ப்போம். சில கேபின்களில் நாங்கள் வைத்த கவர் வைத்த இடத்திலேயே இருக்கும். ஏழு நாள் அந்தக் கேபினை நாளுக்கு இருமுறை சுத்தம் செய்தது கணக்கில் இல்லாமல் போய்விடும். அதை நினைத்துக்கொண்டு நிற்கவும் முடியாது. மதியத்துக்குள் அடுத்த கூட்டம் ஏறிவிடும்.

பில்லிலேயே பிடிக்கிற தானியங்கிப் பிடித்தம் இதற்கெல்லாம் பிறகு வந்த மாற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் சேர்வதற்கு முன்பே சில கப்பல்களில் அது தொடங்கிவிட்டது. 2000ல் நார்வீஜியன் க்ரூஸ் லைன், யார் எங்கே வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. தினமும் வேறு மேஜை, வேறு பரிசாரகர் என்றால் கவரை யாரிடம் கொடுப்பது? அதனால் நாள்கணக்குப் பிடித்தம். மெல்ல மற்றவர்களும் அதற்கு மாறினார்கள். வேலை செய்கிறவனுக்கு இது எவ்வளவோ மேல்.

இனாம் என்பது நம் ஊரில் என்ன? தீபாவளிக்குத் தபால்காரருக்குக் கொடுப்போம். அவருக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுத்துவிட்டது, நாம் கொடுப்பது நம் சந்தோஷத்துக்கு. கப்பலில் நிலைமை அப்படியில்லை. அந்த 18 டாலர்தான் அவன் கூலியின் பெரும்பகுதி. கூலிக்கு இனாம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயரைப் பார்த்துப் பயணியும் இது என் இஷ்டம்தானே என்று நினைத்துவிடுகிறார். நீங்கள் பில்லில் பார்த்த கிராச்சுவிட்டி என்ற சொல்லின் குழப்பம் முழுக்க இதுதான் அம்மா. அதைக் கூலி என்று வாசியுங்கள். உங்கள் அன்பளிப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

கம்பெனியே ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தால் என்ன என்று மகன் கேட்பார். நியாயமான கேள்வி. கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அங்கேயே திரும்புகிறது, பயணிகளில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். ஆனால் கப்பலின் பின்பக்கம் போய்க் கொடியைப் பாருங்கள், பஹாமாஸோ பனாமாவோ வேறேதோ நாடாக இருக்கும். அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அந்தக் கப்பலில் வேலை செய்யும் கோவாக்காரனையோ பாலித் தீவுக்காரனையோ தொடாது. பெரிய கடல் கப்பல்களில் அமெரிக்கக் கொடியோடு ஓடுவது ஹவாய் தீவுகளைச் சுற்றிவரும் பிரைட் ஆஃப் அமெரிக்கா ஒன்றுதான். மற்ற கப்பல்களுக்கு இருப்பது சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. 2006ல் எழுதி 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது, 2015ல் இந்தியாவும் ஏற்றது. நான் வேலையை விட்ட பிறகு வந்தது, ஆனாலும் அது வந்தபோது எனக்கு நிஜமான சந்தோஷம். ஏஜென்ட் கடலோடியிடம் வேலைக்காகப் பணம் வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. அதே உடன்படிக்கையில் ஓய்வு பற்றியும் இருக்கிறது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் 77 மணி நேரம். திருப்பிக் கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு 91 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். ஒப்பந்தம் ஆறு முதல் ஒன்பது மாதம். அதில் முழு நாள் லீவு என்று ஒன்றை நான் பார்த்ததில்லை.

இந்த அமைப்பு மாறவே முடியாததும் இல்லை. பிரிட்டனின் பி அண்ட் ஓ க்ரூஸஸ் 2019ல் இந்தப் பிடித்தத்தை எடுத்துவிட்டு டிக்கெட் விலையிலேயே சேர்த்துவிட்டது. மகனுக்குக் கோபம் இருந்தால் ஊர் திரும்பியதும் இதைச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதட்டும். கவுன்ட்டரில் 630 டாலரை எடுப்பதால் கம்பெனிக்கு வலிக்காது.

சரி, பண்டிகைக்கு வருவோம்.

கிறிஸ்துமஸ் வாரம்தான் வருடத்திலேயே கடுமையான வாரம். கப்பல் நிரம்பி வழியும். பள்ளி விடுமுறை என்பதால் ஒவ்வொரு கேபினிலும் குழந்தைகள். கூரையிலிருந்து இறக்கும் கட்டில் ஒன்று உண்டு, புல்மேன் என்போம். காலையில் அதைத் தூக்கி, மாலையில் இறக்கி, பதினெட்டு கேபினுக்கும் இதைச் செய்தால் இடுப்பு என்ன ஆகும்? டிசம்பரில் வடக்கேயிருந்து கிளம்பும் கப்பல் முதல் இரண்டு நாள் நன்றாகவே ஆடும், பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். அதையும் நாங்கள்தான் துடைப்போம். கீழ்த்தளத்தில் கப்பலின் நீளத்துக்கு ஊழியர் பாதை ஒன்று ஓடும். அமெரிக்க நெடுஞ்சாலையின் நினைவாக அதற்கு ஐ-95 என்று பெயர். மேலே பயணிகளுக்கு மரமும் விளக்கும் என்றால், அங்கே பிலிப்பினோ நண்பர்கள் டிசம்பர் 16லிருந்து ஒன்பது நாள் திருப்பலிக்குக் கூடுவார்கள். ஷிஃப்ட் முடிந்து, தூங்காமல், யூனிஃபார்மோடு. கூட நின்று பாடத் தெரியாமல் நானும் நின்றிருக்கிறேன்.

எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய பரிசைச் சொல்கிறேன். ஒரு வருடம் என் பகுதியில் டொரான்டோவிலிருந்து யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்று. பெயர் பட்டையில் பெயருக்குக் கீழே நாடும் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு அந்தப் பாட்டி, "தம்பி சாப்பிட்டீங்களோ?" என்றார். அப்புறம் 24ஆம் தேதி ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலமை எங்கட ரூமுக்கு வர வேண்டாம். துவாய் மட்டும் வாசல்ல தாங்கோ, காணும். அந்த நேரம் போய்ப் படுங்கோ" என்றார். இரண்டு கேபின். நாற்பது நிமிடம். மறுநாள் அந்த நாற்பது நிமிடமும் நான் ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கினேன். கடைசி நாளில் அவர்கள் கவரும் கொடுத்தார்கள், எவ்வளவு என்று இப்போது ஞாபகமில்லை. அந்தத் தூக்கம் ஞாபகமிருக்கிறது.

நீங்களும் இதைச் செய்யலாம். தினமும் காலையில் ஒரே நேரத்தில் கேபினைக் காலி செய்துகொடுங்கள், ஒன்பது மணி என்றால் ஒன்பது. பேரப்பிள்ளைகளின் பொம்மைகளைத் தரையிலிருந்து எடுத்து வையுங்கள். இறங்கும் நாளில் சீக்கிரம் வெளியேறுங்கள்.

முறுக்கு வேண்டாம் அம்மா. இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. வீட்டில் செய்த தின்பண்டத்தைப் பெரும்பாலான கம்பெனிகள் கப்பலுக்குள் விடுவதில்லை, நுழைவாயிலிலேயே எடுத்துவிடுவார்கள். அமெரிக்கச் சுகாதாரத் துறை திடீரென ஏறிச் சோதித்து நூறுக்கு மதிப்பெண் போடும், 85 அல்லது அதற்குக் கீழே வந்தால் தோல்வி. அதனால் உணவு விஷயத்தில் எல்லோருமே பயந்துகொண்டிருப்பார்கள். கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத மிக்ஸர் பாக்கெட், சாக்லேட் என்றால் தடையில்லை. நியூ ஜெர்சியில் இந்தியக் கடைக்கா பஞ்சம்? ஆனால் சின்னதாக வாங்குங்கள். இரண்டு பேர் தங்கும் அறையில் அவனுக்கென்று இருப்பது ஒரு கட்டில், ஒரு திரை, ஒரு சின்ன அலமாரி. மது பாட்டில் வேண்டவே வேண்டாம், பிடிபட்டால் அவன் வேலைக்கே ஆபத்து.

ரொக்கம்தான் நல்லது. பிடித்தத்துக்கு மேல் கேபின் பையனுக்கு வாரத்துக்கு 50 டாலர், மேஜையில் தினமும் அதே ஆட்கள் வந்தால் பரிசாரகருக்கும் அவர் உதவியாளருக்கும் ஆளுக்கு 20, 30. இது சட்டமில்லை, என் கணிப்பு. முடிந்தால் கூட, இல்லையென்றால் குறைவாக. நோட்டாகவே கொடுங்கள், சில்லறை நாணயத்தை அவன் ஊரில் மாற்ற முடியாது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களும் இருப்பார்கள். பல கப்பல்களில் அவர்கள் இந்தப் பொதுப் பணத்தில் சேர்வதில்லை. வாங்கிக்கொள்ள அனுமதி உண்டா என்று அவர்களிடமே கேட்டுவிட்டுக் கொடுங்கள். கேப்டனுக்கும் அதிகாரிகளுக்கும் கொடுக்கக் கூடாது. பேயோன் வாசலில் பெட்டி வாங்குகிறவர் கப்பல் ஆள் இல்லை, துறைமுகத் தொழிலாளி. பெட்டிக்கு ஒன்றிரண்டு டாலர் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

அவமானம் பற்றிக் கேட்டீர்கள். நானும் கேட்டரிங் டிப்ளமா படித்துவிட்டுத்தான் போனேன். கவரை வாங்கும்போது ஒருநாளும் அவமானப்பட்டதில்லை. மூன்று நாள் நான் கதவைத் திறந்துவிட்ட ஒருவர், என் பெயர் என்னவென்று தெரியாமல் என்னை "ஏய்" என்று கூப்பிட்டபோதுதான் பட்டேன். நம் ஆட்களே அப்படிக் கூப்பிட்டதுண்டு. நீங்கள் அப்படிச் செய்கிறவர் இல்லை என்று கடிதமே சொல்கிறது. கவரில் பெயர் எழுதி, கையில் கொடுங்கள். மேஜையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

குல்லாயை விட்டுவிடாதீர்கள். சூடான பஹாமாஸுக்குப் போகிறவனைவிட அது தேவைப்படுகிறவர்கள் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பேயோனுக்கு எதிர்க்கரையில் நியூவார்க் சரக்குத் துறைமுகம். அங்கே வரும் கப்பல்களில் விசா இல்லாதவர்கள் கரையில் கால் வைக்கவே முடியாது. சீமென்ஸ் சர்ச் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு 1898லிருந்து 'கிறிஸ்துமஸ் அட் சீ' என்ற பெயரில், வீட்டில் உட்கார்ந்து பின்னுகிறவர்களிடம் குல்லாயும் கழுத்துத் துண்டும் வாங்கி, பண்டிகைக்குக் கடலோடிகளுக்குக் கொடுக்கிறது. எந்த நூல், என்ன அளவு என்று அவர்களே சொல்வார்கள். மருமகளை விட்டு அவர்கள் வலைத்தளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மார்ச்சுக்குள் உங்கள் கை வேகத்துக்குப் பத்துப் பதினைந்து ஆகும்.

கடைசியாக ஒன்று. வீடு திரும்பியதும் மின்னஞ்சலில் கருத்துப் படிவம் வரும். எல்லோரும் அழித்துவிடுவார்கள், நீங்கள் நிரப்புங்கள். கேபின் பையனின் பெயர், கேபின் எண், அவன் செய்த ஒரு குறிப்பிட்ட காரியம். அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அதை எடுத்துப் பார்ப்பார்கள். என் பெயரை அந்த யாழ்ப்பாணக் குடும்பம் எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருந்தது. அதனால் பெயர் பட்டையை முதல் நாளே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.