காலனி ஆட்சியும் ஆப்பிரிக்க ஆலைகளும்

அன்புள்ள ஐயா,

ஐரோப்பா ஆப்பிரிக்காவை எப்படிப் பின்தங்க வைத்தது என்று வரலாற்றாசிரியர் வால்டர் ரோட்னி எழுதிய நூலைப் படித்தேன். தொழில்கள் வளராமல் காலனி ஆட்சி தடுத்தது என்கிறார். ஆனால் பிரிட்டிஷ் காலனியான தெற்கு ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) இரும்பாலையே இருந்திருக்கிறதே! ரோட்னி மிகைப்படுத்துகிறாரா?

கா.

அன்புள்ள கா,

இல்லை. ரோட்னி தான்சானியாவின் தார் எஸ் சலாமில் கற்பித்தபோது 1972-ல் வெளிவந்த நூல் அது. அந்த நாட்டு வரலாறே அவருக்குச் சான்று. டாங்கனிகாவின் (தான்சானியாவின் பெருநிலப் பகதிக்கு அன்றைய பெயர்) கற்றாழை நாரை அங்கேயே கயிறாக்கி பிரிட்டனில் விற்க 1930-களில் ஓர் ஆலை முயன்றது. பிரிட்டனின் கயிறு முதலாளிகள் கூச்சலிட்டார்கள். லண்டன் அவர்கள் பக்கம் நின்றது. ஆய்வாளர் ஈ. ஏ. பிரெட் 1973-ல் இதை விரிவாக எழுதினார். பிரெஞ்சு செனகலிலும் இதே கதைதான். நிலக்கடலை அங்கே விளையலாம், எண்ணெயை மட்டும் பிரான்சில்தான் ஆட்டவேண்டும் என்று அந்நாட்டு ஆலைக்காரர்கள் மல்லுக்கட்டினார்கள்.

அப்படியானால் ரொடீசியா? அங்கே 1923-லேயே வெள்ளைக் குடியேறிகள் தன்னாட்சி பெற்றுவிட்டார்கள். எதை வளர்ப்பது என்பதை லண்டன் அல்ல, அவர்களே முடிவு செய்தார்கள். உலகப்போரின் நடுவே, 1942-ல், இரும்பு எஃகுத் தொழிலை அரசே கையிலெடுத்தது. ஆகவே ‘ஐரோப்பா’ என்று ஒரே மனம் இருந்ததாக எண்ணினால் ரொடீசியா புரியாது. அரசு யார் கையில் இருந்தது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

பின்னாளில் விவாதம் கென்யாவுக்குத் திரும்பியது. அந்நிய முதலீட்டின் பிடியில் சொந்த முதலாளி வர்க்கம் உருவாகாது என்று 1975-ல் எழுதிய ஆய்வாளர் காலின் லேஸ், மூன்றே ஆண்டுகளில் அந்நாட்டின் கிகுயு இன முதலாளிகளின் வளர்ச்சியைக் கண்டு தன் கருத்தை மாற்றிக்கொண்டார். நேர்மையான மாற்றம்தான். ஆனால் அந்த விவாதம் முழுக்க முதலாளிகளைப் பற்றியது, உழைத்தவர்களைப் பற்றியது அல்ல. அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ரொடீசியாவுக்கே திரும்புங்கள். 1930-ன் நிலச்சட்டம் நாட்டில் ஏறத்தாழப் பாதி நிலத்தைச் சிறுபான்மை வெள்ளையருக்கு ஒதுக்கியது. நிலமிழந்தவர்கள் கூலிக்கு வந்தார்கள். 1934-ன் தொழில் சமரசச் சட்டமோ, ஆப்பிரிக்கரை ‘ஊழியர்’ என்ற வரையறைக்குள்ளேயே சேர்க்கவில்லை; சங்கம் வைத்துக் கூலி பேசும் உரிமை அவர்களுக்கு இல்லை. அந்த இரும்பாலையை ரோட்னிக்கு எதிரான சான்றாக வைப்பவர்கள் இந்த இரண்டு சட்டங்களையும் அதன் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும்.