விரிசல் விட்ட உத்தரத்தை நினைவு உலோகம் இழுத்துப் பிடிக்குமா?

கேள்வி: சிறு பாலங்களின் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்கிறேன். ஒரு பழைய கான்கிரீட் பாலத்தின் உத்தரத்தில், தூணை ஒட்டிச் சாய்வாக விரிசல் விட்டிருக்கிறது. எபாக்சிப் பசை செலுத்தி அடைத்தோம். கொஞ்ச நாளில் பக்கத்திலேயே இன்னொன்று. சூடாக்கினால் சுருங்கும் 'நினைவு உலோக'க் கம்பி இதற்குச் சரிப்படும் என்கிறார்கள். நம்பி இறங்கலாமா?

பதில்: எபாக்சி மேல் குற்றமில்லை. தூணை ஒட்டிய சாய்வு விரிசல் பெரும்பாலும் வெட்டுவிசையால், அதாவது உத்தரத்தின் ஒரு பகுதியை மேலும் பக்கத்துப் பகுதியைக் கீழுமாகத் தள்ளும் விசையால் வருவது. எபாக்சி விரிசலை ஒட்டும். வண்டிகளின் பாரத்தைக் குறைக்காது. ஒட்டிய இடம் கெட்டியானதும் அடுத்த பலவீனமான இடம் பிளக்கிறது. விரிசலுக்குக் குறுக்கே இறுக்கிப் பிடிக்க ஒரு விசை வேண்டும். நினைவு உலோகம் தருவது அதைத்தான்.

அமெரிக்காவின் மிச்சிகனில் யுஎஸ்-31 நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றில் இதைச் செய்து, 2001-இல் ஆய்வாக வெளியிட்டார்கள். அங்கேயும் உத்தரத்தில் வெட்டுவிசை விரிசல்தான். இரும்பு, மாங்கனீசு, சிலிக்கான், குரோமியம் கலந்த 10.4 மி.மீ. கம்பிகளை விரிசலுக்குக் குறுக்கே பொருத்தி, முனைகளைப் பூட்டி, 1,000 ஆம்பியர் மின்சாரம் பாய்ச்சி 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினார்கள். விரிசலின் அகலம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. மறைந்துவிடவில்லை, கவனியுங்கள்.

கம்பியை முன்கூட்டியே நீட்டிவைத்துத்தான் பொருத்துவார்கள். சூடு பட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். முனைகள் பூட்டியிருப்பதால் முடியாது. அந்த இழுவை ஆறிய பிறகும் கம்பியிலேயே தங்கி, கான்கிரீட்டை அழுத்திப் பிடிக்கும். கம்பியை இழுத்து இறுக்கும் ஜாக் வைக்க இடமில்லாத சந்துகளில் இது பெரிய சௌகரியம். சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகம் வளர்த்தெடுத்த இரும்புவகைக்கு 160 டிகிரியே போதும். நிக்கல்-டைட்டானியம் வகையான நிட்டினாலை சியாட்டிலில் நிலநடுக்கத்துக்காகப் புதுப் பாலத் தூண்களில் வைத்தார்கள். உங்கள் வேலைக்கு அதன் விலை கட்டுப்படியாகாது.

சரி, ஆர்டர் போடும் முன் விரிசலைப் பாருங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது. அப்புறம் சுத்தியலால் தட்டுங்கள். பொத்தென்று சத்தம் கேட்டு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் பழைய இரும்புக்கம்பி ஓடும் திசையிலேயே பழுப்புக் கறையும் இருந்தால் உள்ளே துரு. துருப்பிடித்த உத்தரத்தில் நினைவு உலோகத்தைப் பூட்டுவது வீண்செலவு, என்னைக் கேட்டால் ஆபத்தும்கூட: முனையைப் பிடித்திருக்கும் கான்கிரீட்டே பெயர்ந்து வரலாம். முதலில் உளுத்ததைக் கொத்தியெடுத்து, துரு நீக்கி, கான்கிரீட்டை மீட்டாக வேண்டும்.

பொருத்தும்போது இரண்டு கவனம். சாதாரண எபாக்சி 60, 70 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அதனால் முனைகளைப் பசையால் ஒட்டாமல் போல்ட் போட்டுப் பூட்டுங்கள். மின்சாரத்தால் சூடாக்கினால், புதுக்கம்பி பழைய கம்பியைத் தொடக்கூடாது. தொட்டால் மின்சாரம் அங்கே ஓடிவிடும், சூடு ஏறாது.

பாக்டீரியா கான்கிரீட்டையும் சிலர் பரிந்துரைப்பார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் உருவான அது, ஈரம் பட்டால் சுண்ணாம்பு படியவைத்து நுண்விரிசலை அடைக்கும். நீர்க்கசிவுக்கு நல்லது, வெட்டுவிசையைத் தாங்காது.

எத்தனை கம்பி, எவ்வளவு இழுவை என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கு கைக்கு வரும்வரை கனரக லாரிகளை அந்தப் பாலத்தில் விடவேண்டாம் என்று துறைப் பொறியாளருக்கு இன்றே எழுதிக் கொடுங்கள்.