வேகமும் வேண்டும், டிக்கியும் வேண்டும்: ஆர்எஸ்6 அவான்ட் வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: பிரிட்டனில் ஒரு டீலரிடம் 2020-இல் பதிவான ஆடி ஆர்எஸ்6 அவான்ட் (பெரிய டிக்கி உள்ள எஸ்டேட் வகை வேகக் கார்) பார்த்திருக்கிறோம். 41,000 மைல் ஓடியிருக்கிறது. 22 அங்குல ரிம், டிஆர்சி (டைனமிக் ரைடு கன்ட்ரோல்) சஸ்பென்ஷன், செராமிக் பிரேக் என்று எல்லா ஆப்ஷனும் இருக்கிறது. தினமும் பள்ளிக்கும் வேலைக்கும் ஓட்டப் போகிற கார். வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் எழுதியிருக்கும் மூன்று ஆப்ஷன்களும் பழைய வண்டியில் செலவு வைக்கக்கூடியவை. அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்தக் காரில் இரண்டு வகை சஸ்பென்ஷன் உண்டு. கூடவே வருவது ஏர் சஸ்பென்ஷன். கூடுதல் பணம் கொடுத்தால் ஸ்டீல் ஸ்பிரிங்கும் டிஆர்சியும் கிடைக்கும். டிஆர்சியில் முன் இடது டேம்பரும் (குலுக்கலைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர்) பின் வலது டேம்பரும் ஓர் எண்ணெய்க் குழாயால் இணைந்திருக்கும். மற்ற இரண்டும் அப்படியே. வளைவில் கார் சாயாமல் நிற்பது இதனால்தான். ஆனால் ஒரு டேம்பர் கசிந்தால் அதன் மூலைவிட்ட ஜோடியும் அழுத்தம் இழக்கும். பழுது பார்த்த பிறகு குழாயிலிருந்து காற்றை முழுக்க உறிஞ்சி, தனிக் கருவியால் எண்ணெயை அழுத்தத்தோடு நிரப்ப வேண்டும். அந்தக் கருவி எல்லா ஒர்க்ஷாப்பிலும் இருக்காது. ஆகவே காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். நான்கு டேம்பரின் உடலிலும் விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. பிறகு வேகத்தடை மேல் 10 மைல் வேகத்தில் ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் ஏற்றி இறக்குங்கள். ‘டொக்’ என்று சத்தம் வந்தால் விலையைப் பேசும் முன் பழுதுக்கான மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள்.

இதே காலத்துக் கார் ஏர் சஸ்பென்ஷனோடு கிடைத்தால் தினசரி ஓட்டத்துக்கு அதையே எடுங்கள் என்பதுதான் எங்கள் தீர்மானம். டிக்கி நிறையச் சாமான் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாமல் அதுவே மட்டத்தைச் சரிசெய்துகொள்ளும். அதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ராத்திரி முழுக்க நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் காற்றுப் பை கசிகிறது. அந்தக் கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடும் கம்ப்ரஸரும் பின்னாலேயே போய்விடும். எனவே டீலரிடம் ‘நாங்கள் வருமுன் காரை எடுக்காதீர்கள்’ என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து கேட்கவும் அது உதவும்.

அடுத்தது பிரேக். ஸ்டீல் டிஸ்க் முன்னால் 420 மில்லிமீட்டர், செராமிக் 440. செராமிக்கால் காரின் எடை சுமார் 34 கிலோ குறைகிறது. சாதாரணச் சாலையில் அது மிக நெடுநாள் உழைக்கும். ரேஸ் டிராக்கில் ஓட்டிய காரில் அப்படி நம்ப முடியாது. செராமிக் டிஸ்க்கின் தேய்மானம் பெரும்பாலும் தடிமனில் தெரியாது, எடையில்தான் தெரியும். டிஸ்க்கின் நடுப்பகுதியில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச எடையோடு ஒப்பிட அதைக் கழற்றி நிறுக்க வேண்டும். வாங்குமுன் நிறுக்க டீலர் ஒப்பமாட்டார் என்றால், ஓரங்களில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்றாவது டார்ச் அடித்துப் பாருங்கள். டயர் மாற்றும்போது கவனமின்றி ரிம்மை டிஸ்க் மேல் இடித்தால் அப்படிப் பெயரும். ஒரு டிஸ்க் மாற்றுவதென்றால்கூட ஆயிரக்கணக்கில் போகும். பள்ளிக்கும் வேலைக்கும் போகிற காருக்கு ஸ்டீல் டிஸ்க் தாராளம்.

நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி, ஏறக்குறைய ஒரே தேய்மானமா என்று பாருங்கள். குவாட்ரோ என்ற ஆடியின் நான்கு சக்கர இயக்க அமைப்பில் நான்கு சக்கரமும் இணைந்து சுழல்வதால், சுற்றளவு வேறுபட்டால் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்யும். 600 குதிரைத்திறன் காரில் ஒருவர் மலிவு டயர் போட்டிருந்தால், சர்வீஸிலும் எங்கோ மிச்சம் பிடித்திருப்பார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எஞ்சின் மென்பொருளை மாற்றியிருக்கிறார்களா என்று ஆடி டீலர் கணினியில் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றியது கண்டுபிடிக்கப்பட்ட காருக்கு ‘டிடி1’ என்ற குறி விழும். அந்தக் குறி விழுந்தால் எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டி கோரிக்கை நிராகரிக்கப்படலாம். பிறகு மென்பொருளைப் பழையபடி ஆக்கினாலும் குறி அழியாது. சைலன்ஸரும் துகள் வடிகட்டியும் கம்பெனி பொருத்தியவைதானா என்பதையும் அதே லிஃப்டில் பார்த்துவிடலாம். வடிகட்டியை எடுத்த கார் எம்ஓடி என்ற பிரிட்டனின் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையில் தேறாது.

கேள்வி: விலை குறைவாக இருப்பதால் 2013–2018 காலத்து முந்தைய ஆர்எஸ்6 வாங்கலாமா?

வாங்கலாம், டர்போவின் எண்ணெய் வடிகட்டி வரலாறு எழுத்தில் இருந்தால். அந்த 4.0 லிட்டர் வி8 எஞ்சினில் இரண்டு டர்போவும் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, எஞ்சினின் சூடான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கு எண்ணெய் போகும் வழியில் சின்ன வலை ஒன்று உண்டு. சூட்டில் கருகிய எண்ணெய்க் கசடு அந்த வலையை அடைத்தால் டர்போ பேரிங்குக்கு எண்ணெய் போகாது, டர்போ செத்துவிடும். இதே குடும்ப எஞ்சின் கொண்ட எஸ்6, எஸ்7, ஆர்எஸ்7 முதலான கார்களை இதற்காக அமெரிக்காவில் திரும்பப் பெற்றுச் சரிசெய்தார்கள். வலை மாற்றிய பில்லும், 10,000 மைலுக்குள் எண்ணெய் மாற்றிய பில்களும் இல்லாத காரைத் தொடாதீர்கள். அதிலுள்ள 8 கியர் ஆட்டோமேட்டிக்கும் இசட்எஃப் கம்பெனியுடையது. கியர் எண்ணெயை 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வது அந்தக் கம்பெனிதான். ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: இரண்டு குழந்தைகள், ஒரு பெரிய நாய். ஆர்எஸ்6-ஆ, மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஈ63 எஸ் எஸ்டேட்டா?

நாய் பெரியது என்றால் மெர்சிடிஸ். இருக்கை மடக்காமல் அதன் டிக்கி 640 லிட்டர், மடக்கினால் 1,820. ஆர்எஸ்6-இல் 565, 1,680. காகிதத்தில் 75 லிட்டர்தான் வித்தியாசம், ஆனால் நாய்க் கூண்டுக்கு லிட்டரைவிட டிக்கி வாயின் உயரமும் கூரையின் சரிவும் முக்கியம். ஆடியின் பின்கண்ணாடி சாய்ந்து இறங்குவதால் உயரமான கூண்டின் மேல் விளிம்பு இடிக்கலாம். கூண்டைக் கையோடு எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள், டீலர் மறுக்கமாட்டார். பயணத்தில் நாயைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்று பிரிட்டனின் சாலைவிதி நூல் 57-ஆம் விதியிலேயே சொல்கிறது. ஆகவே கூண்டோ தடுப்பு வலையோ எப்படியும் வேண்டும்.

ஓட்டத்தில் இரண்டும் வேறு வேறு குணம். ஈ63 எஸ் 612 குதிரைத்திறன், 850 நியூட்டன் மீட்டர், 3.5 விநாடியில் 100 கிலோமீட்டர். ஆர்எஸ்6 600 குதிரைத்திறன், 800 நியூட்டன் மீட்டர், 3.6 விநாடி. இந்த வித்தியாசம் சாலையில் தெரியாது. தெரிவது கியர்பாக்ஸ்தான். மெர்சிடிஸில், வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குப் பதிலாக எண்ணெயில் நனைந்த கிளட்ச் இருக்கிறது. வேகத்தில் சுறுசுறுப்பாக இருக்கும்; சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் அங்குலம் அங்குலமாக நகர்த்தும்போது சற்றே குலுங்கும். அது பழுது அல்ல. சோதனை ஓட்டத்தில் ஒருமுறை ரிவர்ஸ் பார்க்கிங் செய்து பார்த்து, உங்களுக்குப் பிடிக்கிறதா என்று முடிவெடுங்கள். நிற்கும்போது இருக்கையிலும் ஸ்டியரிங்கிலும் நடுக்கம் தெரிந்தால் மட்டும் எஞ்சின் மவுண்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்சக்கரத் திருப்பம் உள்ள ஆர்எஸ்6-இல் பின்சக்கரங்களும் திரும்பும். மெதுவாகப் போகையில் முன்சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம் 5 டிகிரி வரை திரும்புவதால், ஏறக்குறைய 5 மீட்டர் நீளக் கார் குறுகிய இடத்திலும் வளைந்துவிடும். அகலம்தான் தொல்லை. சாதாரண ஏ6 அவான்ட்டைவிட பக்கத்துக்கு 40 மில்லிமீட்டர் கூடுதலாக, பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 1.95 மீட்டர். பழைய வீட்டுக் கராஜ் என்றால் வாசலை டேப் வைத்து அளந்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: 22 அங்குல ரிம் அழகாக இருக்கிறது. 21 அங்குலத்துக்கு மாற்றுவது அவசியமா?

அவசியம் என்று சொல்லமாட்டோம், ஆனால் லாபம். 22-க்கான டயர் 285/30, அதன் பக்கச்சுவர் 85 மில்லிமீட்டர் சொச்சம். 21-க்கான டயர் 275/35, பக்கச்சுவர் 96. மொத்தச் சக்கர உயரம் ஏறக்குறைய ஒன்றே, அதனால் ஸ்பீடோமீட்டர் மாறாது. அந்த ஒரு சென்டிமீட்டர் ரப்பர்தான் சாலைக் குழியில் ரிம் வளையாமல் காப்பது. வாங்கும் காரில் 22 இருந்தால் ஒவ்வொரு ரிம்மின் உட்பக்க விளிம்பையும் சுழற்றிப் பாருங்கள். வளைவு அங்கேதான் வரும், வெளியிலிருந்து தெரியாது. 60 மைல் வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் நடுங்குவதும் அதற்கு அடையாளம்.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கிறோம். புது பிஎம்டபிள்யூ எம்5 டூரிங் 727 குதிரைத்திறன் என்கிறார்கள். பழைய ஆர்எஸ்6-ஐ விட்டு அதற்குப் போகலாமா?

வீட்டில் சார்ஜர் இருந்தால் போகலாம். இல்லாவிட்டால் வேண்டாம். 4.4 லிட்டர் வி8-ஓடு மின்மோட்டார் சேர்ந்து 1,000 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஆனால் எடை ஓட்டுநர் இல்லாமலே சுமார் 2,475 கிலோ. ஆர்எஸ்6-ஐவிட ஏறத்தாழ 400 கிலோ கூடுதல். 100 கிலோமீட்டரை எட்ட இரண்டுக்கும் ஒரே 3.6 விநாடி ஆவது அதனால்தான். 18.6 கிலோவாட் மணி பேட்டரியில் அளவுமுறைப்படி 60 கிலோமீட்டருக்கு மேல் மின்சாரத்திலேயே ஓடும். தினமும் சார்ஜ் செய்தால் பள்ளி, கடை, அலுவலகம் எல்லாம் பெட்ரோல் இல்லாமல் முடிந்துவிடும். சார்ஜ் செய்யாமல் ஓட்டினால் தீர்ந்த பேட்டரியின் பாரத்தைச் சுமந்து திரிவதுதான் மிச்சம். டிக்கியும் 500 லிட்டர்தான்.

எதை எடுத்தாலும் குளிர்கால டயருக்குத் தனிப் பணம் ஒதுக்குங்கள். 2024 அக்டோபர் முதல் அங்கே பனிக்கால நிலையில் மலையும் பனித்துகளும் சேர்ந்த குறி உள்ள டயர் மட்டுமே செல்லும். எம்+எஸ் (சேறும் பனியும்) என்ற பழைய எழுத்து மட்டும் போதாது. இந்தக் கார்களின் பிரேக் பெரியது என்பதால் சின்ன ரிம் வாங்கி மிச்சம் பிடிக்க முடியாது. அனுமதித்த அளவுகள் காரின் இணக்கச் சான்றிதழில் இருக்கும்.

கேள்வி: பிரிட்டனில் வருடச் செலவு எவ்வளவு வரும்?

வரியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2017 ஏப்ரலுக்குப் பின் பதிவாகி, புதிதாக இருந்தபோது 40,000 பவுண்டுக்கு மேல் விலைப்பட்டியலில் இருந்த பெட்ரோல் காருக்கு, இரண்டாம் வருடத்திலிருந்து ஐந்து வருடம் கூடுதல் வரி உண்டு. 2025–26 விகிதப்படி சாதாரண வரி 195, கூடுதல் 425, ஆக 620 பவுண்டு. நீங்கள் இன்று என்ன விலை கொடுத்தாலும் பழைய பட்டியல் விலையே கணக்கு. 2020 ஜூனில் பதிவான காருக்கு 2026 ஜூனிலிருந்து அந்தக் கூடுதல் நின்றுவிடும். பதிவுத் தேதியை வி5சி என்ற வாகனப் பதிவு ஆவணத்தில் பார்த்து, அதையும் விலை பேசும்போது கணக்கில் வையுங்கள்.

பெட்ரோலுக்கு 100 கிலோமீட்டருக்கு 13 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் 10,000 மைல் ஓட்டினால் ஏறக்குறைய 2,090 லிட்டர். உயர் ஆக்டேன் பெட்ரோல் லிட்டர் 1.50 பவுண்டு என்றால் 3,135 பவுண்டு. காருக்கு முன்பணம் கட்டும் முன் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள்: பல கம்பெனிகள் எஸ்5 வகை டிராக்கர் (திருட்டுக் கண்காணிப்புக் கருவி) பொருத்தச் சொல்கின்றன. அதில் ஓட்டுநர் அட்டை உடன் இல்லாமல் கார் நகர்ந்தால் எச்சரிக்கை போகும். டீலர் டிராக்கர் இருக்கிறது என்று சொன்னாலும் சந்தா நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: 52,000 பவுண்டுக்குக் கார் வாங்கி, 500 பவுண்டு முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டினோம். மீதி வங்கிப் பரிமாற்றம். மூன்றாம் வாரமே சஸ்பென்ஷன் எச்சரிக்கை விளக்கு வந்துவிட்டது. கார்டு கம்பெனி பொறுப்பேற்குமா?

முன்பணம் கார்டில் கட்டினாலே முழுக் காருக்கும் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். கார்டு கம்பெனியையும் பொறுப்பாக்கும் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு பொருந்துவது பொருளின் ரொக்க விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்குள் இருந்தால்தான். பார்க்கப்படுவது காரின் விலை, முன்பணம் அல்ல. ஆகவே அந்த வழி உங்களுக்கு இல்லை.

ஆனால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் டீலரைக் கட்டுப்படுத்தும். கார் கைக்கு வந்து 30 நாளுக்குள் கோளாறு இருந்தது என்று காட்டினால் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். தேதி, மைல், விளக்கின் படம், தனி மெக்கானிக்கின் அறிக்கை ஆகியவற்றை இணைத்து, ‘இந்தக் காரை நிராகரிக்கிறேன்’ என்று நேராக எழுதுங்கள். ‘பார்த்துச் சரிசெய்து தாருங்கள்’ என்று எழுதினால் அது பழுதுபார்க்கக் கேட்டதாக ஆகிவிடும். அப்படி ஒப்புக்கொண்டாலும் கார் ஒர்க்ஷாப்பில் இருக்கும் நாட்கள் 30-இல் சேராது. 30 நாள் கடந்த பிறகு டீலருக்கு ஒருமுறை பழுதுபார்க்க வாய்ப்புத் தர வேண்டும்; அதுவும் பலிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் ஓட்டிய மைலுக்கு ஒரு தொகை கழிப்பார்கள். அதுவரை காரை ஓட்டாமல் நிறுத்திவையுங்கள்.