நேரடியாகக் கொடுப்பதா, பீய்ச்சிக் கொடுப்பதா? சிஸ்டரின் பதில்கள்

சென்னை அரசு மருத்துவமனை ஒன்றின் பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது பாலூட்டும் தாய்மாருக்கு ஆலோசனை சொல்லி வருகிறார். அவரிடம் வந்த கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும்.

கேள்வி (வேளச்சேரி): சிசேரியன் ஆகிப் பன்னிரண்டு நாள். பம்ப் வைத்து எடுத்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 20 மில்லிதான் வருகிறது. பால் பற்றவில்லை, பவுடர் பால் ஆரம்பி என்கிறார்கள், சிஸ்டர்.

பதில்: சொல்கிறவர்கள் குழந்தையைப் பார்த்தார்களா, பம்ப்பின் பாட்டிலை மட்டும் பார்த்தார்களா? குழந்தை குடித்து முடித்த பிறகு எடுத்திருந்தால் அந்த 20 மில்லி மிச்சப் பால். குழந்தை சப்பும்போது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பால் தானாக இறங்கும். பிளாஸ்டிக் கூம்புக்குப் பலருக்கு அப்படி இறங்குவதில்லை. வீட்டார் எதிரில் உட்கார்ந்து பாட்டிலில் உள்ள கோட்டை எண்ணிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். பெட்டியோடு வரும் கூம்பு எல்லோருக்கும் பொருந்தாது. காம்பு சுவரில் உரசினாலோ, சுற்றியுள்ள கருவட்டம் முழுவதும் உள்ளே இழுபட்டாலோ அளவை மாற்றுங்கள்.

பால் போதுகிறதா என்பதைக் குழந்தையிடம்தான் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்கிறதா? ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா? பிறந்தவுடன் எடை சற்றுக் குறைவது வழக்கம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். நாளைக்கே எடை பாருங்கள். எடை ஏறவில்லை, சிறுநீர் குறைவு, எழுப்பினாலும் குடிக்காமல் தூங்குகிறது என்றால் உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பவுடர் டப்பா வேண்டாம். மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். ஒரு வேளை பவுடர் பால் கொடுத்தால் அந்த வேளைக்கான பாலை உடம்பு குறைத்துக்கொள்ளத் தொடங்கும்.

கேள்வி (அண்ணா நகர், ஒரு பாட்டி): என் மருமகள் பீய்ச்சிய பாலைப் பாட்டிலில்தான் கொடுக்கிறாள். மார்பில் அணைத்துக் கொடுத்தால்தானே பிள்ளைக்குப் பாசம் வரும்?

பதில்: பாசத்தை விடுங்கள் அம்மா. நாளைக்கு எட்டு முறை பீய்ச்சி, எட்டு முறை ஊட்டி, எட்டு முறை பாத்திரம் கழுவுகிற பெண்ணுக்குப் பாசம் குறைவு என்று யார் சொல்வது? நேரடியாகக் கொடுப்பதில் வசதி அதிகம் என்பது உண்மை. பால் சூடாக, சுத்தமாக, அந்த நேரத்துக்கு வேண்டிய அளவில் கிடைக்கும். சேமித்து உறைய வைத்த பாலில் உயிரணுக்களும் வைட்டமின் சி-யும் குறையும். ஆனாலும் அது தாய்ப்பால்தான்.

ஏன் பாட்டிலுக்குப் போனாள் என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வலியாக இருக்கும். குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் வெடிப்பு வரும். வாயை அகலத் திறந்து கருவட்டத்தின் பெரும்பகுதியைப் பற்ற வேண்டும். தாடை மார்பில் பதிய வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். இதைச் சரிசெய்தால் பலருக்கு வலி போய்விடும். அதற்குப் பிறகும் அவள் பம்ப்தான் வேண்டும் என்றால் பாத்திரம் கழுவுவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (துரைப்பாக்கம்): விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பப் போகிறேன். எத்தனை முறை எடுக்க வேண்டும், எப்படிக் காப்பது? வீடு போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

பதில்: முதலில் உங்கள் உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2017-இல் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளைகள் 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டக் காலத்திலிருந்தே உண்டு. மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். கழிப்பறையில் நின்று பால் எடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எடுங்கள். கிளம்பும் முன்பும் வீட்டுக்கு வந்தவுடனும் நேரடியாகக் கொடுத்தால் நடுவில் மூன்று முறை போதும். அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் என்று படித்திருப்பீர்கள். அது 25 டிகிரிக்கு உட்பட்ட அறைக்கு. நம் ஊர் மே மாதத்தில் அந்தக் கணக்கு செல்லாது. எடுத்தவுடன் ஃபிரிட்ஜில் வையுங்கள், கதவுப் பக்கம் வேண்டாம், உள்ளே தள்ளி. ஐஸ் பொதிகள் வைத்த குளிர்காப்புப் பையில் 24 மணி நேரம்வரை இருக்கும், ஆகவே உங்கள் ஒன்றரை மணி நேரப் பயணம் ஒரு பொருட்டே இல்லை. ஃபிரிட்ஜில் நான்கு நாள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியை நம்பி மாதக்கணக்கில் சேர்க்காதீர்கள். உருகிய பாலை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மறுபடி உறைய வைக்கக் கூடாது. மின்வெட்டு நாளில் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம்.

கேள்வி: மைக்ரோவேவில் சூடாக்கலாமா?

பதில்: கூடாது. வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்தால் போதும்.

கேள்வி (ராயபுரம்): சுறாப் புட்டும் பூண்டும் தின்றால் பால் பெருகுமா?

பதில்: பால் சுறா நல்ல புரதம். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சாப்பிடாமல் இருப்பானேன்? ஆனால் புட்டு மட்டும் தின்று, குழந்தையை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மார்பில் போட்டால் பால் பெருகாது. பால் எடுபடுவதுதான் மருந்து, மற்றதெல்லாம் துணை. பால் நிறுத்த மார்பில் மல்லிகை கட்டும் வழக்கம் மட்டும் வெறும் நம்பிக்கை இல்லை. அது சுரப்பை அடக்குவது 1988-இல் வெளியான ஆய்விலும் தெரிந்தது. பாலூட்டும் காலத்தில் பூவைத் தலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி (தாம்பரம், ஒரு கணவர்): குழந்தைக்கு மூன்று வாரம். மனைவி தூங்கட்டும் என்று இரவில் நான் பாட்டிலில் கொடுக்கலாமா?

பதில்: நல்ல எண்ணம் தம்பி, ஆனால் கொஞ்சம் பொறுங்கள். பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். இப்போது இரவுப் பாலை விட்டால் மார்பு கட்டிக்கொண்டு அவர் எழுந்து பம்ப் வைக்க வேண்டிவரும். ஆறு வாரம்வரை ஏப்பம் எடுப்பதும் துணி மாற்றுவதும் உங்கள் வேலை.

பிறகு கொடுப்பதென்றால் பாலாடையை எடுங்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த அதே சங்குதான். கழுவுவது எளிது, ரப்பர் காம்பின் பழக்கமும் வராது. பால் பாட்டிலுக்கு விளம்பரம் செய்வதையே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது என்றால் காரணம் இல்லாமலா? பாட்டிலே கதி என்றால் குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, பாட்டிலைக் கிடையாகப் பிடித்து, நடுநடுவே நிறுத்திக் கொடுங்கள்.

கேள்வி: கத்திரி வெயிலில் மூன்று மாதக் குழந்தைக்குத் தண்ணீர்?

பதில்: வேண்டாம். தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 விழுக்காடு தண்ணீர்தான். ஆறு மாதம்வரை சர்க்கரைத் தண்ணீர், தேன், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை ஆபத்து. தாகம் உங்களுக்கு, நீங்கள் குடியுங்கள்.

கேள்வி (எண்ணூர்): குறைமாதக் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது. மார்பில் போட விடவில்லை.

பதில்: இங்கே பீய்ச்சுவதுதான் முதல் வழி, தயங்க வேண்டாம். முதல் நாள்களின் சீம்பால் சில சொட்டுகளாகக் கெட்டியாக வரும். பம்ப்பில் ஒட்டிக்கொண்டு வீணாகும். கையால் சிறு கிண்ணத்தில் பீய்ச்சி உடனே வார்டில் கொடுங்கள். இரவு ஒரு முறை உட்பட நாளைக்கு எட்டு முறை. பால் ஊறியதும் பம்ப்புக்கு மாறலாம். மருத்துவர் அனுமதித்தவுடன் குழந்தையை வெறும் மார்போடு அணைத்து வைத்திருங்கள். உங்கள் பால் போதாத நாள்களுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது; வார்டு செவிலியரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஒரு பக்கம் சிவந்து, கட்டியாகி, காய்ச்சல் அடிக்கிறது. பால் கொடுப்பதை நிறுத்தவா?

பதில்: நிறுத்தாதீர்கள், குழந்தைக்குக் கெடுதல் இல்லை. கட்டியை அழுத்திப் பிசையாதீர்கள், முழுக்கக் காலியாக்குவதாக எண்ணி ஓயாமல் பம்ப் வைக்காதீர்கள், வீக்கம் கூடும். குளிர் ஒத்தடம் கொடுங்கள். ஒரு நாளில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள், ஆன்டிபயாடிக் தேவைப்படலாம்.

கேள்வி (பெரம்பூர்): ஒன்றரை மாதமாகப் பம்ப் மட்டும். இனி மார்புக்கு மாற முடியுமா?

பதில்: பலருக்கு முடிந்திருக்கிறது. பசியில் கதறும்போது முயலாதீர்கள். அரைத் தூக்கத்தில், சட்டையில்லாமல் மார்போடு சாய்த்து, கையால் சில சொட்டுப் பால் வரவழைத்து வாயருகே வையுங்கள். நாளுக்கு ஒன்றிரண்டு முறை போதும். அழுதால் விட்டுவிட்டு வழக்கம்போல் ஊட்டுங்கள். பம்ப்பை ஒரேயடியாக நிறுத்தாமல், குழந்தை மார்பில் நன்றாகக் குடித்த வேளைக்கு மட்டும் ஒவ்வொன்றாகக் குறையுங்கள். அந்த வாரங்களில் எடையை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.