மருத்துவபீடம் கிடைக்காத மகள் இனி என்ன படிக்கலாம்? வெள்ளவத்தை அம்மா ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

இரண்டாம் தடவையும் மகளுக்கு மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளி எட்டவில்லை, பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு நாள் நெருங்குகிறது, இதற்கிடையில் வெளிநாட்டு எம்பிபிஎஸ் இடத்துக்கு முற்பணம் கட்டச் சொல்லி ஏஜென்சிக்காரர் தினமும் தொலைபேசி எடுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பணத்தை இந்தக் கிழமை கட்டவேண்டாம். முதலில் விண்ணப்பத்தைக் கவனமாக நிரப்புங்கள்.

உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் நல்ல சித்தி எடுத்த பிள்ளையைப் பற்றி "படிப்பில் கவனமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கமாட்டேன். இஸட் புள்ளி என்பது அந்த வருடம் அதே பாடத்தை எழுதிய எல்லோரோடும் ஒப்பிட்டுப் போடும் கணக்கு. மருத்துவத்துக்கான இடங்களில் 40 சதவீதம் முழு நாட்டுக்குமான திறமை வரிசையில் போகிறது. 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி பிரிகிறது. மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு; கொழும்பு அதில் இல்லை. ஆகவே இங்கே படித்த பிள்ளை நாட்டிலேயே கடும் போட்டியுள்ள மாவட்டங்களில் ஒன்றில் நின்று எழுதியிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியோடு வைத்துப் பார்க்காதீர்கள்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் ஒவ்வொரு பாடநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு குறியீடு இருக்கும். அவற்றை விருப்ப வரிசையில் எழுதவேண்டும். மருத்துவத்தை முதலில் போட்டால் மற்றவை கைநழுவிவிடும் என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. மேலிருந்து கீழே பார்த்து, புள்ளி போதுமான முதலாவது விருப்பத்தைத்தான் கொடுப்பார்கள். அதனால் உண்மையான விருப்பப்படியே எழுதலாம். மருத்துவத்துக்குக் கீழே என்ன வருகிறது என்பதில்தான் பல வீடுகளில் கோட்டை விடுகிறார்கள். மருத்துவத்தின் குறியீடுகளை எழுதி முடித்ததும் களைத்துப்போய், கண்ணில் பட்டதைக் கீழே நிரப்பிவிடுகிறார்கள். பிள்ளைக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் அந்தக் கீழ்ப்பகுதியில் இருப்பதுதான்.

அங்கே நான்கு வருடச் சிறப்புப் பட்டங்கள் பல இருக்கின்றன. தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் மூன்றும் யாழ்ப்பாணம், பேராதனை, ருகுணை, ஸ்ரீ ஜயவர்தனபுர ஆகிய இடங்களில் உண்டு. பிசியோதெரபி கொழும்பிலும் பேராதனையிலும் உண்டு. எக்ஸ்ரே எடுக்கும் துறையான கதிர்ப்படவியலுக்குப் பேராதனை. இந்த நான்கு வருடப் பட்டங்களைத் தவிர, சித்த மருத்துவத்தில் மனம் இருந்தால் யாழ்ப்பாணமும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் இருக்கின்றன. அரச பல்கலைக்கழகம் என்பதால் படிப்புக்குக் கட்டணமில்லை. வீட்டு வருமானத்தைப் பொறுத்து மஹாபொல அல்லது வேறு உதவிப்பணமும் கிடைக்கலாம். சில பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை வேறாக உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும் என்பதால் பத்திரிகை அறிவித்தல்களைத் தவறவிடாதீர்கள்.

இவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவபீடத்தில் பேச்சு மற்றும் கேட்டல் விஞ்ஞானம் என்று ஒரு பட்டம் இருக்கிறது. மூன்று வயதாகியும் பேசாத பிள்ளை, திக்கிப் பேசும் பிள்ளை, பாரிசவாதத்துக்குப் பிறகு பேச்சிழந்த பெரியவர், காது கேட்கும் கருவி பொருத்திய குழந்தை எல்லோரும் இந்தத் துறையைத் தேடித்தான் வருகிறார்கள். ஊசி மருந்துக்கு மொழி தேவையில்லை. பேச்சுச் சிகிச்சைக்கு மொழிதான் மருந்து. கொட்டாஞ்சேனையில் வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளரும் பிள்ளையிடமிருந்து சிங்களச் சொல்லை வரவழைத்துப் பயன் என்ன? ரகரத்தையும் றகரத்தையும் அந்தப் பிள்ளை எங்கே தவறவிடுகிறது, "அம்மா வந்தா" என்பதிலிருந்து அடுத்த நீளமான வசனத்துக்கு எப்போது தாவவேண்டும் என்பதெல்லாம் தமிழ் காதில் ஊறியவருக்கே பிடிபடும். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை இல்லை இது. தமிழில் இந்தச் சிகிச்சை செய்யக்கூடியவர்கள் போதாமல், மாதக்கணக்காகக் காத்திருக்கும் தாய்மாரைக் கண்டிருக்கிறேன். உங்கள் மகள் பொறுமையாகப் பேசுவாள், சின்னப் பிள்ளைகள் அவளைச் சுற்றி நிற்பார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை வாசித்ததும் எனக்கு இந்தப் பட்டம்தான் நினைவுக்கு வந்தது. ராகமவுக்கு வெள்ளவத்தையிலிருந்து ரயிலிலேயே போய்வரலாம்.

தாதியியல் என்றவுடன் உங்கள் வீட்டில் முகம் சுளித்தார்கள் என்பதும் கடிதத்தில் இருக்கிறது. எனக்கு அது வருத்தமாக இருந்தது. பெரியாஸ்பத்திரி வார்ட்டில் ஓர் இரவு நோயாளியோடு தங்கியவர்களுக்குத் தெரியும், விடியும்வரை அந்த உயிரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார் என்று. பட்டம் பெற்ற தாதியருக்கு வார்ட், விரிவுரை, ஆராய்ச்சி என்று பல வழி இருக்கிறது, வெளிநாட்டிலும் தேவை குறையவில்லை. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் அரச தாதியர் கல்லூரிகளின் மூன்று வருட டிப்ளோமாவும் உண்டு. படிக்கும் காலத்திலேயே கொடுப்பனவு தருவார்கள். அதற்கான அழைப்பு வர்த்தமானியில் வரும். பிறகு வேலை பார்த்தபடியே நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டமாக உயர்த்திக்கொள்ளலாம்.

தனியார் நிறுவனப் பட்டங்களையும் ஒரேயடியாகத் தள்ளச் சொல்லமாட்டேன். ஆனால் கட்டணத்தைக் கேட்கும் முன், முடித்ததும் பதிவு கிடைக்குமா என்று கேளுங்கள். மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், பிசியோதெரபிஸ்ட் போன்றோர் இலங்கை மருத்துவச் சபையில் பதிய வேண்டியவர்கள். பதிவில்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் தொழில் செய்ய முடியாது. "விரைவில் கிடைக்கும்" என்று சொன்னால், கிடைத்த பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அப்புறம் வெளிநாட்டு எம்பிபிஎஸ். அதைப் படித்துத் திரும்பி வந்து நல்ல வைத்தியராக இருப்பவர்கள் பலர். ஆனால் ஏஜென்சிக்காரர் சொல்லாததை நான் சொல்லவேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவச் சபை அங்கீகரித்திருக்கிறதா, மகளின் உயர்தரச் சித்திகள் சபை கேட்கும் குறைந்தபட்சத் தகுதிக்குப் பொருந்துமா என்று நீங்களே சபையிடம் எழுத்தில் கேட்டு அறியவேண்டும். ஏஜென்சி காட்டும் பிரதி போதாது. படிப்பை முடித்து வந்தாலும் நேரே வேலை இல்லை. வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே வைத்தியராகப் பதிவதற்கு எழுதும் ஈஆர்பிஎம் என்ற பரீட்சையின் எல்லாப் பகுதிகளிலும் தேறவேண்டும். ஒரே தடவையில் எல்லோரும் தேறிவிடுவதில்லை. அதற்குப் பிறகுதான் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. ஆங்கிலத்தில் கற்பித்தாலும் அங்குள்ள நோயாளிகள் தங்கள் மொழியில்தான் பேசுவார்கள். அந்த மொழி வராத மாணவி வார்ட்டில் வேடிக்கை பார்த்தபடி நிற்கும் ஆபத்து உண்டு. 2022இல் போர் வெடித்தபோது உக்ரேனில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் படிப்பை இடையில் விட்டு ஓடிவர நேர்ந்ததையும் மறக்காதீர்கள். வீட்டை அடகு வைத்து அனுப்புவதாக இருந்தால், ஐந்தாறு வருடக் கட்டணத்தோடு திரும்பி வந்த பின் பரீட்சைக்குக் காத்திருக்கும் காலத்தின் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதன் பிறகும் கை நடுங்காவிட்டால் பேசுவோம்.

மூன்றாம் தடவை எழுதவிடலாமா என்றும் கேட்டீர்கள். எழுத உரிமை உண்டு, பல்கலைக்கழக அனுமதிக்கு அதுதான் கடைசித் தடவை. இரண்டு பெறுபேறுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு பாடம்தான் இழுத்துவிட்டது, அதற்குக் காரணமும் தெரிகிறது, மகளே கேட்கிறாள் என்றால் எழுதட்டும். மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தால் இன்னொரு வருட ரியூசன் அதை மாற்றும் என்று நான் நம்பவில்லை. இன்னொன்று: கிடைக்கும் பாடநெறியில் பதிவு செய்துவிட்டு அடுத்த பெறுபேற்றோடு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பதிவு செய்தவர்களைக் கட்டுப்படுத்தும் விதிகள் கைநூலில் இருக்கின்றன. கையெழுத்திடும் முன் அவற்றை வாசியுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் கஷ்டமாக இருக்கும். பல்கலைக்கழகம் தொடங்கும்வரை கிடைக்கும் இடைவெளியை ஆங்கிலத்துக்கும் பேச்சுச் சிங்களத்துக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். களுபோவிலையிலோ மஹரகமவிலோ ஆஸ்பத்திரி வார்ட்டில் நிற்கும்போது இரண்டும் வேண்டும்.

நேரில் பேச வரும்போது தனியாக வராமல் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டு பெறுபேற்றுத் தாள்களும் கைநூலும் ஏஜென்சி தந்த கடிதமும் கையில் இருக்கட்டும். விருப்ப வரிசையை வருவதற்கு முன் மகளே ஒரு தாளில் எழுதிவிடட்டும், நீங்கள் பார்க்காமல். அந்தத் தாளை வைத்துத்தான் பேச்சைத் தொடங்குவேன்.