செடி கொடி பின்னால் அலையும் பெண்ணுக்கு ஒரு வேலை

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு இரண்டாம் முறையும் நீட்டில் மதிப்பெண் போதவில்லை. நிலத்தை விற்றாவது வெளிநாட்டில் எம்பிபிஎஸ் சேர்த்துவிடு என்கிறாராம் பெரியப்பா. பெண்ணுக்குச் செடி கொடி என்றால் உயிர்.

அம்மா, நிலத்தை விற்காதீர்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பினாலும் இங்கே இன்னொரு தேர்வில் தேறினால்தான் மருத்துவராகப் பதிவு செய்ய முடியும். கட்டணத்தில் பாதி தருவாரா என்று பெரியப்பாவைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

பொறியியல், நர்சிங் பற்றிச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. நான் சொல்வது தாவரத் தடயவியல், அதாவது குற்ற வழக்கில் சிக்கும் செடி, விதை, பொடி எதுவென்று கண்டுபிடிக்கும் வேலை.

சாப்பாட்டில் ஊமத்தை விதையைக் கலந்து மயக்கிக் கொள்ளையடிப்பது பழைய தந்திரம். பார்ப்பதற்கு அது மிளகாய் விதை மாதிரியே இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம். முழு விதை கிடைத்தால் வெட்டிப் பார்க்கலாம்: உள்ளிருக்கும் கரு மிளகாயில் உள்பக்கமும் ஊமத்தையில் வெளிப்பக்கமும் வளைந்திருக்கும். அரைத்துப் பொடியாக்கியிருந்தால்? வேதிப் பரிசோதனை அட்ரோபின் என்ற நஞ்சு இருக்கிறது என்று சொல்லும், எந்தச் செடி என்று சொல்லாது. அங்கேதான் டிஎன்ஏ. ஒரு சிட்டிகைப் பொடியிலிருந்து அதைப் பிரித்து, டிஎன்ஏவைப் படியெடுக்கும் பிசிஆர் முறையில் பெருக்கி, ஏற்கெனவே பதிவான செடிகளோடு ஒப்பிடுவார்கள். இதற்குப் பொது அடையாளமாக ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரண்டு மரபணுப் பகுதிகளை 2009இல் ஆய்வாளர்கள் பரிந்துரைத்தார்கள். நெருங்கிய இனங்களைப் பிரிக்க அவை போதாவிட்டால் ஐடிஎஸ் என்ற இன்னொரு டிஎன்ஏ பகுதியையும் பார்ப்பார்கள். வெந்த சாப்பாட்டில் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும், அதனால் குறுகிய பகுதிகளைத்தான் படிக்க முடியும்.

கஞ்சா வழக்கில் இன்னும் சிக்கல். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி பூ, காய் விட்ட நுனிதான் கஞ்சா. தனி இலை சேராது. 20 கிலோவுக்கு மேல் போனால் குறைந்தது 10 ஆண்டு சிறை, அதனால் எடையில் வெறும் இலை சேர்ந்திருக்கிறதா என்பது முக்கியம். இலைக்கும் பூவுக்கும் டிஎன்ஏ ஒன்றுதான். ஆகவே நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும் தாவரவியல் கண்ணும் வேண்டும். உங்கள் மகளிடம் இருப்பது அதுதானே!

செலவில் நான் கறார். லட்சங்களைக் கொட்டித் தனியாரில் பிஎஸ்சி தடயவியல் வேண்டாம். அரசுக் கல்லூரியில் தாவரவியல் படிக்கட்டும். அப்புறம் எம்எஸ்சிக்கு காந்திநகர் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு முயலட்டும். அரசுத் தடயவியல் ஆய்வகங்களில் இடங்கள் குறைவு, மறைக்கவில்லை. ஆனால் மூலிகை மருந்திலும் மசாலாப் பொடியிலும் கலப்படம் பிடிக்க இதே கைவேலைதான் தேவை.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். பிசிஆர் இயந்திரத்தை மாணவர்கள் கையாளுகிறார்களா, துணி போர்த்தி வைத்திருக்கிறார்களா என்று அவளே கேட்கட்டும்.