528 ஹெர்ட்ஸும் அந்த இருட்டு ரூமும்

வணக்கம்,

போன மாசம் ஒரு சவுண்ட் இன்ஸ்டலேஷனுக்குப் போயிருந்தேன். இருட்டு ரூம், சுத்தி ஸ்பீக்கர், தரையில படுத்துக்கணும். பாட்டு, தாளம்னு ஒன்னும் கிடையாது, நீளமா ஒரு ஒலி மெல்ல மெல்ல மாறிக்கிட்டே இருந்துச்சு. பத்து நிமிஷம் ஆயிருக்கும்னு நெனச்சு எழுந்தா ஒரு மணி நேரம் ஓடியிருக்கு. ஏன்னே தெரியாம அழுதிருக்கேன். கூட வந்த ஃப்ரெண்டு, "அதுல 528 ஹெர்ட்ஸ் இருக்குடி, அது மனசை சரி பண்ணும், 432-ம் கேளு"ன்னு நிறைய வீடியோ அனுப்பினா. இப்ப தினம் ராத்திரி ஹெட்ஃபோன்ல அதைப் போட்டுக்கிட்டுதான் படுக்கறேன். ஆனா அன்னிக்கு வந்த அந்த உணர்வு ஒரு தடவைகூட வரல. இந்த ஃப்ரீக்வன்சி விஷயமெல்லாம் உண்மையா? டாக்டர் குடுத்த தூக்க மாத்திரைய விட்டுட்டு இதையே தொடரலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மாத்திரை விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன், நிறுத்தாதீங்க. குறைக்கணும்னு தோணினா எழுதிக்குடுத்த டாக்டர்கிட்டயே கேளுங்க. தூக்க மாத்திரைகள்ல சிலதை திடீர்னு விட்டா தூக்கம் முன்னவிட மோசமாயிடும்.

இப்ப மத்த கேள்விக்கு வர்றேன். அன்னிக்கு உங்களுக்கு நடந்தது நிஜம், அதை யாரும் பிரமைன்னு தள்ளிவிட இடம் குடுக்காதீங்க. ஆனா அதுக்குக் காரணம் 528-ங்கற எண்ணுதான்னு (அதாவது செகண்டுக்கு 528 அதிர்வு) உங்க ஃப்ரெண்டு சொல்றதை என்னால ஏத்துக்க முடியல, அதுக்கு சாட்சிய உங்க கடிதத்துலயே நீங்க எழுதிட்டீங்க. அதே ஃப்ரீக்வன்சிய தினமும் கேக்கறீங்க, அன்னிக்கு வந்தது வரல. எண்ணுக்குள்ளதான் மருந்து இருக்குன்னா ஹெட்ஃபோன்லயும் வேலை செஞ்சிருக்கணுமே.

உங்க ஹெட்ஃபோன்ல கிடைக்காதது என்னன்னா, அந்த ரூம். நியூயார்க்ல சர்ச் ஸ்ட்ரீட்ல 1993-ல இருந்து 'ட்ரீம் ஹவுஸ்'னு ஒரு ஒலி, ஒளி இன்ஸ்டலேஷன் இருக்கு, இசையமைப்பாளர் லா மான்டி யங்கும் ஓவியர் மரியன் ஸசீலாவும் செஞ்சது. சைன் அலைகள், அதாவது ஓவர்டோன் (ஒரு ஸ்வரத்தோட கூடவே ஒலிக்கற மேல் ஸ்வரங்கள்) எதுவும் இல்லாத சுத்தமான ஸ்வரங்கள், மாறாம ஒலிச்சுக்கிட்டே இருக்கும். யங் பண்டிட் பிரான் நாத்கிட்ட வருஷக்கணக்கா ஹிந்துஸ்தானி கத்துக்கிட்டவர், தம்புராவுக்குப் பழகின காது. அந்த ரூம்ல ஸ்பீக்கர்ல இருந்து வர்ற அலையும் சுவத்துல பட்டுத் திரும்பற அலையும் சில இடத்துல ஒன்னு சேர்ந்து பெருசாகும், சில இடத்துல ஒன்னை ஒன்னு அழிச்சுக்கும். தலைய லேசா சாய்ச்சா ஒரு ஸ்வரம் காணாம போய் இன்னொன்னு மேல வரும், ஸ்பீக்கர்ல ஒன்னுமே மாறியிருக்காது.

இதை வீட்லயே செஞ்சு பாக்கலாம். டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்னுல 500 ஹெர்ட்ஸ் வச்சு ஸ்பீக்கர்ல சின்ன சத்தமா விடுங்க, ஒரு காதைப் பொத்திக்கிட்டு தலைய மெதுவா நகர்த்துங்க. அந்த அலையோட நீளம் சுமார் 69 சென்டிமீட்டர், அதனால ஒரு சாண் தள்ளினாலே சத்தம் நல்லா ஏறும், இல்ல கம்மியாகும். எண் அதே 500-தான், ஆனா உங்க காதுக்கு வந்து சேர்ற ஒலி வேற வேற. சின்ன சோதனைதான், ஆனா இதைச் செஞ்சதுக்கு அப்புறம் "இந்த ஃப்ரீக்வன்சி இதைச் செய்யும்"னு யாராவது சொன்னா, எந்த ரூம்ல, எந்த இடத்துலன்னு கேக்கத் தோணும்.

ஃப்ரீக்வன்சிக்காரங்க அடிக்கடி சொல்ற ஒரு உதாரணமும் இதையேதான் காட்டுது. இங்கிலாந்துல விக் டேண்டின்னு ஒரு இன்ஜினியர், மருத்துவக் கருவி செய்யற லேப்ல ராத்திரி தனியா வேலை பாக்கறப்ப உடம்பு சில்லிட்டு, கண்ணோரத்துல சாம்பல் நிறத்துல ஏதோ உருவம் தெரிஞ்சு திரும்பினா ஒன்னும் இல்ல. அவர் வாள் விளையாட்டுக்காரர். மறுநாள் தன்னோட வாளை வைஸ்ல (இறுக்கிப் பிடிக்கற இரும்புக் கருவி) மாட்டி வச்சிருந்தப்ப அது யாரும் தொடாமலே அதிருது. புதுசா மாட்டின ஃபேன் ஒன்னு சுமார் 19 ஹெர்ட்ஸ்ல, காதுக்கு கேக்காத அளவுக்கு கீழ, அலைய கிளப்பிக்கிட்டு இருந்திருக்கு, ஃபேனை சரி பண்ணினதும் எல்லாம் நின்னுபோச்சுன்னு 1998-ல கட்டுரை எழுதினார். ஒரு மனுஷனோட அனுபவத்தை வச்சு 19 ஹெர்ட்ஸ் பேயைக் காட்டும்னு முடிவு கட்ட முடியாது. எனக்கு அதுல முக்கியமாப் படறது வேற. 19 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் 18 மீட்டர், அந்த லேபோட நீளம் கிட்டத்தட்ட அதுல பாதி, அதனாலதான் அலை உள்ளயே நின்னு பெருசாச்சு. அதே ஃபேனை வேற அளவு ரூம்ல மாட்டியிருந்தா கதையே இல்ல.

நேரம் போனது தெரியலன்னு எழுதியிருந்தீங்க. நேரத்தை நாம பெரும்பாலும் மாற்றங்களை வச்சுத்தான் கணக்கு பண்றோம், ஒன்னு முடிஞ்சு இன்னொன்னு ஆரம்பிக்கறது, யாரோ பேசறது, வெளிச்சம் மாறறது இந்த மாதிரி. அந்த ரூம்ல இது எதுவுமே இல்ல. ஒலியும் திடீர்னு ஆரம்பிக்காம கொஞ்சம் கொஞ்சமா ஏறுது, அதனால பட்டுனு சத்தம் கேட்டா உடம்பு தூக்கிப்போடுமே அந்த ரிஃப்ளெக்ஸுக்கு வேலையே வரல. கீழ் ஸ்தாயி ஒலிய காதால மட்டும் இல்லாம நெஞ்சாலயும் முதுகாலயும் கேக்கறீங்க, தரையில படுத்திருந்தா இன்னும் நல்லாத் தெரியும். இது போதும், மனசு இளகறதுக்கு.

அழுகைக்கு வருவோம். 2011-ல மான்ட்ரியல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, இசை கேட்டு மெய்சிலிர்க்கறப்ப மூளையில டோபமைன்ங்கற, இன்பத்தோட சம்பந்தப்பட்ட ரசாயனம் சுரக்குதுன்னு ஸ்கேன்ல காட்டினாங்க. அதுல கலந்துக்கிட்டவங்க கேட்டது அவங்கவங்க தேர்ந்தெடுத்துக் கொண்டு வந்த இசை. ஒருத்தருக்கு சிலிர்த்தது இன்னொருத்தருக்கு சும்மா போயிருக்கும். எல்லாருக்கும் பொதுவான ஒரு ஃப்ரீக்வன்சி அதுக்கு தேவையே படல.

432-ஐப் பத்தி ரொம்ப சொல்ல வேண்டியதில்ல. மேற்கத்திய இசையில 'ஏ' ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸ்ல வைக்கறாங்க, அதுக்கு பதிலா 432 வைக்கணும்ங்கறதுதான் இவங்க வாதம். அந்த 440-ங்கறது 1939-ல லண்டன்ல கூடிப் பேசி வச்ச ஏற்பாடு, அதுக்கு முன்னாடி 1859-ல ஃப்ரான்ஸ் 435-ன்னு சட்டமே போட்டிருக்கு. ஹெர்ட்ஸ்னா ஒரு செகண்டுக்கு எத்தனை அதிர்வுங்கற கணக்கு, செகண்டே மனுஷன் பிரிச்ச அளவுதானே. பாடறவங்க தங்க குரலுக்குத் தக்கபடி சுருதி வச்சுக்கறாங்க, எந்த சுருதியில பாடினாலும் உருக்கறவங்க உருக்கத்தான் செய்றாங்க.

ஆனா ஒலி மூளை அலையத் தொடவே தொடாதுன்னு சொன்னா அதுவும் தப்பு. செகண்டுக்கு 40 தடவை 'டிக் டிக்'னு ஒலிய விட்டா மூளையில பதிலுக்கு 40 ஹெர்ட்ஸ் அலை எழும்புதுன்னு 1981-லயே பதிவாகியிருக்கு. ஆனா அது எத்தனை தடவை அடிக்குதுங்கற வேகம், ஸ்வரத்தோட உயரம் இல்ல. மூளை அலைன்னு நாம பேசறது பெரும்பாலும் செகண்டுக்கு ஒன்னுல இருந்து சில பத்துகள் வரைக்கும், 528 அதுக்கு எங்கயோ மேல.

உங்க ப்ளேலிஸ்ட்ல பைனாரல் பீட்ஸும் இருக்கலாம், அதை மட்டும் ஹெட்ஃபோன்லதான் கேக்க முடியும். இடது காதுல 400, வலதுல 404 வச்சுக் கேளுங்க, செகண்டுக்கு நாலு தடவை ஒரு அலையடிப்பு கேக்கும். ஒரு காதுல இருந்து எடுத்துட்டா உடனே போயிடும், ஏன்னா அது காத்துல இல்ல, ரெண்டு காதுல இருந்து வர்ற சிக்னலும் மூளைத்தண்டுல சந்திக்கற இடத்துல பிறக்குது. 19-ம் நூற்றாண்டுலயே ஹைன்ரிஷ் டோவங்கற ஜெர்மன் இயற்பியலாளர் இதைக் கவனிச்சு சொல்லிட்டார். எனக்கு இது இன்னிக்கும் பெரிய ஆச்சரியம்தான். ஆனா அதனால தூக்கம் வரும், கவலை தீரும்னு உறுதி குடுக்கற அளவுக்கு ஆய்வுகள் ஒன்னுக்கொன்னு ஒத்துப்போகல. கேட்டா இதமா இருக்கா, சின்ன சத்தத்துல கேளுங்க, ராத்திரி முழுக்க ஓடாம அரை மணில நிக்கற மாதிரி டைமர் வச்சுடுங்க.

மறுபடி அந்த இன்ஸ்டலேஷன் நடந்தா கட்டாயம் போங்க. எழுந்து நடக்க விடுவாங்கன்னா உடனே படுக்காம கொஞ்ச நேரம் நடந்து பாருங்க. கனடா கலைஞர் ஜானட் கார்டிஃப் 2001-ல செஞ்ச 'ஃபார்ட்டி பார்ட் மோட்டெட்'ல 40 ஸ்பீக்கர் நிக்கும், ஒவ்வொன்னுலயும் ஒரே ஒரு பாடகரோட குரல். நடுவுல நின்னா மொத்தக் குழுவும் உங்களைச் சுத்திப் பாடும், ஒரு ஸ்பீக்கர்கிட்ட காதை வச்சா அந்த ஒருத்தர் மூச்சு இழுக்கறதுகூட கேக்கும், நடுவுல பாடாத நேரத்துல அவங்க இருமறதும் பேசிக்கறதும்கூட அதுல இருக்கு. நீங்க போன இடத்துலயும் மூலைக்கு ஒரு தடவை போங்க, கீழ் ஸ்தாயி அங்கதான் குவியும். எங்க நல்லா இருக்குன்னு பாத்துட்டு அங்க படுத்துக்கோங்க. போன தடவை எந்த இடத்துல படுத்திருந்தீங்கன்னு ஞாபகம் இருந்தா அதையும் எழுதுங்க.